ஜீப்புக்கும் சுற்றம் உண்டு!

தில்லையடி என்றதும் வாசகர்களுள் பலருக்குத் தமிழகத்துத் தில்லையாடியும், தென்னாபிரிக்க அறப்போரிலே சிறை சென்று இளம் வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையும் நினைவுக்கு வருதல் கூடும். நாம் இங்கே குறிப்பிடுவது அவ்வூர் அன்று. இலங்கையின் மேற்குக் கரையிலே, புத்தளம் நகரை அடுத்துக் களப்பின் ஓரமாக அமைந்துள்ள தில்லையடி இது. ஒரு புறம் தென்னந்தோப்பு, மறுபுறம் உப்பங்காற்று, இடையே மழை பெய்தால் சேறும் வெயில் எறித்தால் புழுதியுமாக மாறிவிடும் மண்பாதைகள். மோட்டார் வண்டியின் பொறுமையைச் சோதிக்க இதனினும் சிறந்த களம் வேறு வேண்டுமோ?

சென்ற மாரிகாலத்தில் ஒரு விடுமுறை நாளன்று, அத்தகைய பாதை ஒன்றிலே நாம் கண்ட காட்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர், தம் தந்தையார் வைத்திருந்த பழைய மிற்சுபிஷி டீசல் ஜீப்பை ஓட்டி வந்தார். பாதையை ஓர் ஓடை குறுக்கறுத்து ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும் என்று எண்ணி வேகமாக இறக்கிவிட்டார். நடுவிலே பள்ளம் இருந்ததை அவர் அறியார். தண்ணீர் எஞ்சின் மூடியின்மேல் அலையாக ஏறிற்று. இரண்டு முறை திணறிய எஞ்சின் அடங்கிப் போயிற்று.

இளைஞர் பதறினார். மீண்டும் எஞ்சினை இயக்கிப் பார்க்கத் திறப்பிலே கை வைத்தார். அவ்வேளையில் கரையிலிருந்து ஒரு குரல் இடிபோல ஒலித்தது.

“தம்பி! திறப்பில கை வைக்காதீங்க! கையை எடுங்க முதல்ல!”

குரலுக்கு உரியவர் எழுபது வயதை எட்டிய ஒரு பெரியவர். மோட்டார் திருத்தும் தொழிலிலே வாழ்நாளைக் கழித்தவர். ஊரார் அவரை ‘நானா’ என்றே அழைப்பர். அவருடன் மூன்று ஜீப் வண்டிகளில் வந்த இளைஞர் சிலரும் இருந்தனர். விடுமுறை நாட்களில் ஒன்றுகூடி, கரடுமுரடான பாதைகளிலே வண்டி ஓட்டுவதையும், ஒருவர் வண்டியை மற்றவர் சேர்ந்து திருத்துவதையும் பொழுதுபோக்காகக் கொண்ட நண்பர்கள் அவர்கள்.

“ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் என்ன நானா?” என்றார் இளைஞர், அழாக்குறையாக.

“பார்த்தால் எஞ்சின் போயிரும். பேசாம இறங்கி வாங்க” என்றார் பெரியவர்.

தண்ணீர் செய்யும் தீங்கு

பெரியவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாகத் தடுத்தார்? பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். எஞ்சினின் உருளைக்குள்ளே பிஸ்டன் மேலெழும்போது அங்குள்ள காற்று நெருக்குண்டு சுருங்குகிறது. காற்று சுருங்கும், ஆனால் தண்ணீர் சுருங்க மறுக்கும் பொருள். உருளைக்குள் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் புகுந்திருக்குமாயின், மேலெழும் பிஸ்டன் கற்பாறையிலே மோதியதற்கு ஒப்பாகும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். சில வேளை முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரையே பிளந்துவிடும். ஒரு கணத்து அவசரம் ஓர் எஞ்சினையே பலிகொண்டுவிடும்.

நண்பர்கள் ஓடைக்குள் இறங்கினார்கள். அகன்ற பட்டி ஒன்றை இரு வண்டிகளின் சட்டங்களிலும் பிணைத்தார்கள். எல்லோரையும் பட்டி எட்டும் தூரத்துக்கு அப்பால் நிற்கச் செய்த பின்னரே இழுக்கத் தொடங்கினார்கள். இழுவிசையில் இருக்கும் கயிறோ கொளுக்கியோ அறுந்து பாய்ந்தால் ஆளையே கொன்றுவிடும் என்பது அவர்கள் முதலில் கற்ற பாடம். வின்ச் கம்பியால் இழுக்கும்போது அதன்மேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுவைப்பதும் இக்காரணம் பற்றியே. அறுந்தாலும் கம்பி துள்ளிப் பாயாமல் சாக்கின் பாரம் அதனைக் கீழே அமுக்கிவிடும்.

ஜீப் கரையேறியது. நானாவின் மேற்பார்வையில் ஹீற்றர் பிளக்குகள் நான்கையும் கழற்றினார்கள். அதன்பின் அவரே திறப்பைத் திருப்பினார். கழற்றிய துவாரங்களின் வழியே தண்ணீர் பீச்சியடித்து வெளியேறிற்று. மீண்டும் மீண்டும் சுழற்றி உருளைகளைக் காயவைத்தார்கள். எஞ்சின் எண்ணெயை வடித்துப் பார்த்தபோது அது பால் கலந்த தேநீரைப் போன்றிருந்தது. எண்ணெயிலே தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஒருவர் தம் வண்டியிலிருந்து புது எண்ணெய் கொடுத்தார். இன்னொருவர் மேலதிகமாக வைத்திருந்த காற்று வடிகட்டியைக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் சென்றது. எஞ்சின் இருமிற்று; கரும்புகை கக்கிற்று; பின்பு சீராக ஓடத் தொடங்கிற்று. அவ்விளைஞரின் முகத்திலே தோன்றிய ஒளியை வருணிக்க எமக்குச் சொற்கள் இல்லை.

ஒன்றுபோல் ஆக்கப்பட்ட வண்டி

ஜீப் வைத்திருப்போரிடையே இத்தகைய ஒற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று? அதற்கு அவ்வண்டியின் பிறப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

1940ஆம் ஆண்டிலே, எத்தகைய நிலத்திலும் ஓடவல்ல இலகுவான சிறு வண்டி ஒன்று வேண்டுமென அமெரிக்க இராணுவம் 135 கம்பெனிகளைக் கேட்டது. பான்டம் என்னும் சிறு கம்பெனி, 49 நாட்களுக்குள் மாதிரி வண்டியைச் செய்து முடிக்க இசைந்து, அதனைச் செய்தும் காட்டியது. ஆயினும், பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் பணி வில்லிஸ், போர்ட் ஆகிய இரு கம்பெனிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. யுத்தம் முடிவதற்குள் அவை இரண்டும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன.

இங்கே கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. எந்தக் கம்பெனி செய்த ஜீப்பாயினும், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தவேண்டும் என்பது இராணுவத்தின் விதி. போர்முனையிலே முறிந்து கிடக்கும் இரண்டு ஜீப்புகளிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை உருவாக்கிவிடலாம். ‘உன் வண்டியின் பாகம் என் வண்டிக்குப் பொருந்தும்’ என்ற நிலையே, ‘உன் இடர் என் இடர்’ என்ற உறவுக்கு வித்திட்டது என்றால் மிகையாகாது.

யுத்தத்தின்பின் இந்த வண்டியைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்களுள் இங்கிலாந்தின் றோவர் கம்பெனியைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளரும் ஒருவர். அங்கிள்சீ தீவிலுள்ள தம் பண்ணையிலே அவர் பழைய இராணுவ ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே லான்ட்றோவர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் அதன் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டினாற் செய்தார்கள். இந்தியாவிலே மகிந்திரா கம்பெனியாரும், யப்பானிலே மிற்சுபிஷி கம்பெனியாரும் வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்று உற்பத்தி செய்தனர். இவ்வாறு பல நாடுகளிற் பிறந்த வண்டிகளும் இன்று இலங்கையின் வீதிகளில் ஓடுகின்றன.

நான்கு சக்கரமும் சுழன்றால் போதுமோ?

‘நான்கு சக்கரத்துக்கும் வலு உண்டே, பின் எப்படிச் சேற்றிற் சிக்கும்?’ என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

வண்டி ஒரு வளைவிலே திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடிய தூரமும், உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டும். இதற்கு வசதியாக அச்சின் நடுவே ‘டிபரென்ஷல்’ என்னும் பற்சக்கர அமைப்பு வைக்கப்பட்டுள்ளது. நல்ல வீதியிலே இது பேருதவி. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு: எந்தச் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதோ, அதற்கே சுழற்சியை வாரி வழங்கிவிடும். ஆகவே, முன்னச்சில் ஒரு சக்கரமும் பின்னச்சில் ஒரு சக்கரமும் வழுக்கத் தொடங்கினால், அவை இரண்டும் பம்பரமாய்ச் சுழல, உறுதியான நிலத்தில் நிற்கும் மற்ற இரண்டும் அசையாது நின்றுவிடும். வண்டியும் நின்றுவிடும்.

இக்குறையைத் தீர்க்கவே டிபரென்ஷலுக்குப் பூட்டுப் பொருத்துகிறார்கள். பூட்டியதும் இரு சக்கரங்களும் ஒரே வேகத்திற் சுழலும். தார் வீதிக்கு ஏறியதும் பூட்டைத் திறக்க மறந்தால், வளைவுகளில் ரயர் தேயும், அச்சும் முறியலாம். எந்த வசதியும் அதன் இடமறிந்து பயன்படுத்தினால் மட்டுமே வசதியாகும்.

உப்பங்கரையின் பாடங்கள்

செலவு மிகுந்த உபகரணங்களை வாங்கிப் பூட்டுவதே வண்டியை மேம்படுத்துதல் எனச் சிலர் எண்ணுகின்றனர். அந்த நண்பர்களோ ஒருவருக்கொருவர் செய்துகொடுக்கும் சிறு சிறு மாற்றங்களிலேயே அதிக நன்மையைக் காண்கிறார்கள்.

அவற்றுள் ஒன்று அச்சின் மூச்சுக்குழாய். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய அச்சு திடீரெனத் தண்ணீரில் அமிழும்போது, அதனுள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடம் வெளியே உள்ள தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பற்சக்கர எண்ணெய் கெடும், பற்சக்கரமும் கெடும். சிறிய இறப்பர்க் குழாய் ஒன்றைப் பொருத்தி, மூச்சுத் துவாரத்தை எஞ்சின் மூடியின் உயரத்துக்குக் கொண்டு சென்றுவிட்டால் இந்த அபாயம் இல்லை. செலவோ அற்பம், பலனோ பெரிது. எஞ்சின் காற்றெடுக்கும் குழாயைக் கூரையின் மட்டத்துக்கு உயர்த்துவதும் இத்தகையதே. அது அந்த ஜீப்பில் இருந்திருந்தால் அன்றைய இடர் நேர்ந்திராது.

மற்றொன்று உப்பு. களப்பின் கரையிலே ஓடும் வண்டிக்கு உப்பைவிடக் கொடிய பகை இல்லை. பிரேக் குழாய்களை அது அரிக்கும். மின்கம்பி இணைப்புகளிலே பூஞ்சணம்போற் படர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும். லான்ட்றோவருக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் படுமானால், அவ்விடம் ஒரு சிறு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் மெல்ல மெல்ல மாவாக உதிரும். இரண்டுக்கும் இடையே இறப்பர்த் துண்டு வைத்தல், வீடு திரும்பியதும் நன்னீரால் அடிப்பகுதியைக் கழுவுதல், இணைப்புகளில் கிறீஸ் பூசுதல் ஆகியவற்றை அன்றாட ஆசாரம்போலக் கடைப்பிடிக்கவேண்டும்.

கற்பிட்டிப் பக்கத்து மணலுக்கோ வேறொரு வித்தை. வீதியில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் இருக்கும் ரயர்க் காற்றை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். ரயர் தட்டையாகி நிலத்தை அகலமாகப் பற்றும். ஒட்டகத்தின் பாதம் மணலிலே பரவுவதுபோல. மீண்டும் வீதிக்கு ஏறுமுன் காற்றடித்துக்கொள்வது கட்டாயம். காற்றில்லாத ரயருடன் வேகமாக ஓடினால் அது சூடேறி வெடிக்கும். ஆகையால் குழுவிலே ஒருவரிடமாவது காற்றடிக்கும் கருவி இருப்பதை உறுதிசெய்த பின்னரே புறப்படுகிறார்கள். தனியாக ஒரு வண்டி மட்டும் காட்டுப் பாதைக்குச் செல்வதில்லை என்பதும் அவர்கள் மீறாத நியதி.

இல்லாமை கற்பித்த கலை

திருத்தி வாழும் இக்கலை வெறும் பொழுதுபோக்கன்று. இந்நாட்டு மக்கள் பலகாலும் இல்லாமையினாற் கற்றுக்கொண்டது. 1990ஆம் ஆண்டு வடக்கிலே யுத்தம் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அங்குள்ள தொழிலாளர் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை கக்கிக்கொண்டு ஓடிய அக்கார்கள் எத்தனையோ நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தன.

அண்மைக் காலத்தை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டு இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே நீங்கிற்று. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை யார்தான் மறப்பர்? அக்காலத்திலெல்லாம் இருப்பதைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவனே பிழைத்தான். ஒருவர் கழித்த பாகம் இன்னொருவருக்குக் கிடைத்தற்கரிய செல்வமாயிற்று.

ஆற்றலும் அடக்கமும்

மேல்நாடுகளிலே இத்தகைய ஒன்றுகூடல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் றூபிகன் மலைப்பாதையிலே 1953ஆம் ஆண்டு தொடங்கிய ஜீப் விழா அவற்றுள் புகழ்பெற்றது. முறிந்த அச்சை நடுமலையிலேயே கூடிநின்று மாற்றிவிடும் வழக்கத்தை அத்தகைய பயணங்களே வளர்த்தன.

2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, அங்குள்ள கரடுநில ஜீப் கழகத்தினர் தங்கள் வண்டிகளுடன் மீட்புப் பணியில் இறங்கினர். கடலோரத்து மீனவர் படகுகளைக் கொண்டு வந்தார்கள். இவர்கள் சாதாரண வண்டிகள் போகமுடியாத வழிகளில் மக்களையும் பொருள்களையும் ஏற்றிச் சென்றார்கள். வீண் விளையாட்டு என்று ஊரார் எள்ளிய உயரமான ரயர்களும் உயர்த்திய காற்றுக்குழாய்களும் அன்று உயிர்காக்கும் கருவிகளாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தால் புத்தளம் மாவட்டமும் தத்தளித்ததைக் கண்டவர்களுக்கு, இவ்வாற்றலின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 2023 ஒக்ரோபரில் யால தேசியப் பூங்காவினுள் பல ஜீப் வண்டிகள் கட்டுப்பாடின்றி ஓட்டப்பட்டதை நாடே கண்டித்தது. தில்லையடிக்கு வடக்கே, காலா ஓயாவைத் தாண்டினால் வில்பத்து வனம். சுமார் 1,300 சதுர கிலோமீற்றர் பரப்புடைய, இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அது. அங்கே ‘வில்லு’ எனப்படும் நீர்நிலைகளின் ஓரத்து ஈரமண்ணிலே ஒரு ரயர் பதித்த வடு எளிதில் மறையாது. குறித்த பாதையை விட்டு விலகலாகாது என்பது பூங்காவின் சட்டம். எங்கும் செல்லவல்ல வண்டி உடையவன், எங்கே செல்லலாகாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பழைய கடன்

மீண்டும் நம் ஓடைக்கரைக்கு வருவோம். மாலையாகிவிட்டது. இளைஞர் சட்டைப்பையிலிருந்து நனைந்த நோட்டுகளை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினார்.

“எண்ணெய்க்கும் பில்டருக்கும் உள்ளதை அந்தப் பிள்ளைகளிடம் கொடுங்க. எனக்கு வேணாம்” என்றார் நானா. இளைஞர் வற்புறுத்தவே, அவர் கதை ஒன்றைச் சொன்னார்.

1990 ஒக்ரோபர் 30ஆந் திகதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு பணித்தார்கள். அம்மாதத்தில் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரும், ஏறக்குறைய 75,000 பேர், பிறந்த மண்ணை இழந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் அடைக்கலம் புகுந்தது புத்தளத்திலேயாகும். தில்லையடியிலும் அகதிக் குடியிருப்புகள் எழுந்தன. யாழ்ப்பாணத்தில் சிறு கராஜ் வைத்திருந்த நானாவும் மனைவி மக்களுடன் அவ்வாறு வந்தவரே.

“கராஜ் போனதைவிட ஸ்பானர்ப் பெட்டி போனதுதான் எனக்குப் பெரிசு. வாப்பா தந்த பெட்டி அது. இங்க வந்து மரத்தடியில சும்மா குந்தியிருந்தேன். இந்த ஊர் பாஸ் ஒருத்தர், என்னை முன்னப்பின்னத் தெரியாதவர், தன்னுடைய செட்டில் பாதியை எடுத்துத் தந்தார். ‘தொழில் தெரிஞ்ச கை சும்மா இருக்கக்கூடாது, உங்களுக்குக் கிடைச்ச பிறகு திருப்பித் தாங்க’ என்றார். நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ‘எனக்கு வேணாம், தேவைப்படுகிற இன்னொருத்தருக்குக் கொடுங்க’ என்று சொல்லிவிட்டார். அவர் மௌத்தாகிப் பல வருஷம். இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.”

இளைஞர் நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அடுத்த கிழமை நானும் வரலாமா நானா? ஹீற்றர் பிளக் கழற்றுவதை நானே செய்து பழகவேண்டும்” என்றார்.

“வாங்க. வரும்போது பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு வாங்க” என்று சிரித்தார் பெரியவர்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் கையில் கிறீஸைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உடனே சினந்துகொள்ளாதீர்கள். மாணவர்களே! உங்கள் வீட்டில் ஓடாமற் கிடக்கும் துவிச்சக்கரவண்டியிலிருந்தே இக்கல்வியை நீங்கள் தொடங்கலாம். அறிந்தவரிடம் கேளுங்கள், அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்லுங்கள். நானா பெற்ற ஸ்பானர்கள் இன்னும் ஓரிடத்தில் தங்கவில்லை. அடுத்த கைக்குச் சென்றுகொண்டே இருக்கின்றன.